வாசல் வடிகாலும் சிங்கப்பூர் ஆறும்: ஒரு வரலாற்றுப் பார்வை

சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரைகளைத் திருத்திய ஆசிரியர்களுக்கு இது பழகிய அனுபவம். நாற்பது தாள்களில் முப்பது தாள்கள் ஒரே மாதிரி இருக்கும். “மரம் நடுவோம், நெகிழிப்பையைத் தவிர்ப்போம், அரசாங்கம் ஆற்றைச் சுத்தம் செய்தது, நாமும் ஒத்துழைப்போம்.” தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ‘நாமும்’ எங்கே வருகிறது, எதில் ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்டால் பிள்ளைகளிடம் பதில் இல்லை.

ஒருநாள் உயர்நிலை மூன்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், எங்க புளோக்குக்குக் கீழ ஒரு லோங்காங் இருக்கு. அந்தத் தண்ணி எங்க போகுது?” “கடலுக்கு” என்றான் ஒருவன். “கழிவுநீர் ஆலைக்கு” என்றாள் இன்னொருத்தி. இரண்டும் சரியில்லை. சிங்கப்பூரின் பெரும்பாலான இடங்களில் அந்தத் தண்ணீர் ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையம், பிறகு நம் வீட்டுக் குழாய்.

இந்த விடையை முழுசாக விளங்கிக்கொள்ள நாம் சிங்கப்பூர் ஆற்றின் கதைக்குப் போக வேண்டும். அந்தக் கதையை வழக்கமாக 1977இல் தொடங்கி 1987இல் முடித்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் பார்க்கிறது.

ஆற்றை நம்பி வந்தவர்கள்

1819இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது இந்தத் தீவுக்குத் துறைமுகம் என்றால் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரம்தான். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சின்ன ஆறு. ஆனால் அதன் இரு கரைகளிலும் கிடங்குகள் எழுந்தன. பெரிய கப்பல்கள் கடலில் நிற்க, சரக்குகளைத் தொங்கான்களில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. தொடக்க காலத்தில் தொங்கான் தொழிலில் முன்னின்றவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். பிறகுதான் அது சீனர்கள் கைக்கு மாறியது. ஆற்றுக்கு அருகில் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன.

ஆற்றங்கரை மட்டுமல்ல, நகரத்தின் சிற்றோடைகளும் மக்களின் அன்றாட வாழ்க்கையோடு கலந்திருந்தன. தோபி காட் என்ற பெயரை இன்று எம்ஆர்டி நிலையத்தின் பெயராக மட்டுமே பிள்ளைகளுக்குத் தெரியும். இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்துப் பக்கத்து வெளியில் உலர்த்தியதால் வந்த பெயர் அது. அந்த ஓடை பின்னாளில் ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் ஆனது. அதேபோல, தேக்காவைச் சுற்றி மாட்டுத் தொழுவங்கள் இருந்தன. ‘கண்டாங் கெர்பாவ்’ என்ற மலாய்ப் பெயருக்கே எருமைக் கொட்டில் என்றுதான் பொருள். ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் சதுப்புநிலப் புல்லும் கிடைத்ததால்தான் மாடு வளர்ப்பு அங்கே வேரூன்றியது.

துவைத்த நீரும் தொழுவம் கழுவிய நீரும் எங்கே போயின? பக்கத்தில் ஓடிய ஓடையில்தான். அன்றைக்கு அது குற்றமாகத் தெரியவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அழுக்கை எடுத்துக்கொண்டு போனது, அவ்வளவுதான்.

கழிவுக்கும் விலை இருந்த காலம்

இந்த இடத்தில் மாணவர்கள் அவசரப்பட்டு “அந்தக் கால மக்களுக்குச் சுகாதார அறிவு இல்லை” என்று எழுதிவிடுவார்கள். அது நியாயமான தீர்ப்பு இல்லை.

பழைய சிங்கப்பூரில் கழிப்பறை என்றால் பெரும்பாலும் வாளிதான். வாளியில் சேரும் மலத்தைத் தொழிலாளர்கள் சுமந்து சென்றார்கள். அதில் பெரும்பங்கு காய்கறித் தோட்டங்களுக்கு எருவாக விற்கப்பட்டது. மிச்ச உணவு பன்றிகளுக்குப் போனது. பன்றிக் கழிவு மீன் குளத்துக்குப் போனது. குளத்தில் வளர்ந்த ஆகாயத்தாமரையை அரிந்து வேகவைத்து மறுபடியும் பன்றிகளுக்கே போட்டார்கள். இன்று நாம் ‘மறுபயனீடு’ என்று பாடம் நடத்துவதை அந்தக் கம்பத்து விவசாயிகள் பெயர் வைக்காமலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

அப்படியானால் சிக்கல் எங்கே வந்தது? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, மக்கள்தொகை. 1957 கணக்கெடுப்பில் 14 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1970இல் 20 லட்சத்தைத் தாண்டியது. சில நூறு வீடுகளின் கழிவைத் தாங்கும் தோட்டமும் குளமும் பல்லாயிரம் வீடுகளின் கழிவைத் தாங்காது.

இரண்டாவது, வீடு கட்டிய முறை. 1907இல் பேராசிரியர் சிம்சன் நகரத்தின் சுகாதார நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். முதுகோடு முதுகாக ஒட்டிய கடைவீடுகளில் காற்றும் வெளிச்சமும் இல்லை, கழிவை எடுத்துச் செல்ல வழியும் இல்லை என்பது அதன் முக்கியக் குறைபாடுகளில் ஒன்று. பின்சந்துகள் வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். இன்று லிட்டில் இந்தியாவிலும் சைனாடவுனிலும் நாம் நடந்துபோகும் பின்சந்துகளுக்குப் பின்னால் இந்தக் கழிவறைக் கதை இருக்கிறது.

மூன்றாவது, மழை. ஆண்டுக்குச் சராசரியாக 2,300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. தோட்டத்தில் போட்ட எருவும், பண்ணையில் தேங்கிய கழிவும், தெருவோரம் கொட்டிய மிச்சமும் ஒரே மழையில் வடிகாலில் இறங்கி, கால்வாய்க்கும் ஆற்றுக்கும் வந்து சேர்ந்தன. ஆற்றங்கரையில் வாழாதவர்கூட ஆற்றை அசுத்தப்படுத்த முடிந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை என்பதுதான் விஷயம்.

ஏன் 1977?

ஆறு நாறியது திடீரென்று நடந்த ஒன்றல்ல. பிறகு ஏன் 1977இல் நடவடிக்கை?

இதற்கு விடை ஆற்றில் இல்லை, குழாயில் இருக்கிறது. 1963 ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு 1964 பிப்ரவரி வரை நீடித்தது. ஏறக்குறைய பத்து மாதம். 1965இல் நாடு தனியானது. குடிநீரில் பெரும்பகுதி ஜோகூரிலிருந்து, 1961, 1962 ஆண்டுகளின் ஒப்பந்தங்களின்படி வந்தது. சொந்த மண்ணில் விழும் மழையைச் சேமித்தே ஆக வேண்டும் என்ற நிலை. ஆனால் மழை விழும் மண் அசுத்தமாக இருந்தால் சேமித்து என்ன பயன்?

ஆகவே அடித்தளம் முன்னதாகவே போடப்பட்டது. 1968 அக்டோபரில் ‘சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்’ இயக்கம். 1972இல் சுற்றுப்புற அமைச்சு. 1975இல் நீர் மாசுக் கட்டுப்பாட்டு, வடிகால் சட்டம். பிறகு 1977 பிப்ரவரி 27 அன்று, அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், பிரதமர் லீ குவான் இயூ பத்து ஆண்டு இலக்கு வைத்தார். சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் பத்து ஆண்டுகளில் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு நீர்த்தேக்கத்தின் திறப்பு விழாவில் இது சொல்லப்பட்டது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அழகுக்காக மட்டும் ஆற்றைச் சுத்தம் செய்யவில்லை.

பத்து ஆண்டுகளில் நடந்தது

சிங்கப்பூர் ஆறும், ஐந்து நீரோட்டங்கள் வந்து சேரும் காலாங் படுகையும் சேர்ந்து நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கின் மழைநீரை வாங்கிக்கொண்டன. ஆகவே ஆற்றில் மிதக்கும் குப்பையை அள்ளினால் மட்டும் போதாது என்பது அதிகாரிகளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அழுக்கு எங்கே பிறக்கிறதோ அங்கே போனார்கள்.

சுமார் 610 பன்றிப் பண்ணைகளும் ஏறக்குறைய 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவோரத்தில் சமைத்து, அங்கேயே தட்டு கழுவி, கழுநீரை வடிகாலில் ஊற்றிக்கொண்டிருந்த சுமார் 5,000 அங்காடிக்காரர்கள் குழாயும் கழிவுநீர் இணைப்பும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். கழிவுநீர்க் குழாய் இல்லாத கம்பங்களில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் வீவக வீடுகளுக்குப் போயின. 1983இல் சுமார் 800 தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. பிறகுதான் ஆற்றுப்படுகையில் சேர்ந்திருந்த சேற்றைத் தூர்வாரிக் கரைகளைச் சீர்செய்தார்கள். 1987இல் வாளிக் கழிப்பறை முறையும் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் ஆறு தூய்மையானதைக் கொண்டாடினார்கள். குடியேற்ற இழப்பீடு நீங்கலாகச் செலவு மட்டும் ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி.

இந்தப் பட்டியலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதற்கு முன் ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். பன்றிக் கொட்டில், அடுப்பு, தட்டு கழுவும் தொட்டி, கழிப்பறை. ஏறக்குறைய எல்லாமே வீட்டுக்கும் அடுக்களைக்கும் கொல்லைக்கும் சேர்ந்த விஷயங்கள். ஆற்றைச் சுத்தம் செய்த வேலையில் பெரும்பகுதி ஆற்றில் நடக்கவில்லை.

விலை கொடுத்தவர்கள்

வெற்றிக் கதையில் ஒரு பகுதி விட்டுப்போகிறது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வைத்திருந்தவர்களுக்கு அடுக்குமாடி வீட்டில் என்ன தொழில்? சிலர் பொங்கோலுக்குப் பண்ணையை மாற்றிக்கொண்டார்கள். பிறகு பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்துவதென்று முடிவானபோது அதுவும் போனது. தொங்கான்காரர்கள் ஆற்றை விட்டுப் போன பிறகு ஆற்றங்கரை அமைதியானது. அவர்கள் சரக்கு இறக்கிய படித்துறைகளுக்கு எதிரே இன்று உணவகங்கள் இருக்கின்றன.

இழப்பீடு கொடுக்கப்பட்டது, வீடு கிடைத்தது, சுகாதாரம் மேம்பட்டது. இவையெல்லாம் உண்மை. பழகிய தொழிலையும் அண்டை அயலையும் விட்டுப் பலர் போனார்கள் என்பதும் உண்மை. வரலாற்றுக் கட்டுரையில் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதத் தெரிந்த மாணவர்தான் நல்ல மதிப்பெண் வாங்குகிறார். அதைவிட முக்கியம், நாம் இன்று அனுபவிக்கும் சுத்தமான ஆற்றுக்காக வேறொருவர் தம் பிழைப்பைக் கைவிட்டார் என்று தெரிந்தால், அந்த ஆற்றில் ஒரு வாளி சவர்க்கார நீரை ஊற்ற நமக்குக் கொஞ்சம் கை கூசும்.

கடலுக்குப் போன நீர் குழாய்க்கு வந்தது

1987க்குப் பிறகு இன்னொரு மாற்றம் நடந்தது. அதைப் பாடநூலில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கப்பட்டதால் சிங்கப்பூர் ஆறும் காலாங் படுகையும் மெல்ல மெல்ல நன்னீர் நீர்த்தேக்கம் ஆயின. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 10,000 ஹெக்டர், அதாவது நாட்டில் ஆறில் ஒரு பங்கு. ஆர்ச்சர்ட் ரோடும் அங் மோ கியோவும் அதில் அடக்கம். 2011இல் பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்களும் சேர்ந்தன. இன்று நீர்த்தேக்கங்கள் 17. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி.

இங்கே ஓர் அடிப்படை விஷயத்தைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லித்தர வேண்டும். சிங்கப்பூரில் இரண்டு தனித்தனிக் குழாய் வழிகள் உண்டு. குளியலறை, கழிப்பறை, அடுக்களைத் தொட்டி ஆகியவற்றின் நீர் கழிவுநீர்க் குழாயில் போய்ச் சுத்திகரிக்கப்படுகிறது. அதில் ஒரு பகுதி புதுநீர் ஆகிறது. சாலையோர வடிகாலில் விழும் மழைநீரோ கால்வாய் வழியாக நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. நடுவில் கழிவுநீர் ஆலை கிடையாது. நீர்த்தேக்கத்துக்கு வந்த பிறகுதான் அதைக் குடிநீராகச் சுத்திகரிக்கிறார்கள்.

ஆக, 1977இல் வடிகாலில் ஊற்றியது கடலில் கலந்தது. இன்று வடிகாலில் ஊற்றுவது நம் குடிநீர்த் தொட்டியில் கலக்கிறது. முன்பைவிட ஆறு சுத்தமாக இருக்கிறது, முன்பைவிட நம் பொறுப்பும் கூடியிருக்கிறது. ஆனால் குழாய்களும் மூடிய வடிகால்களும் வந்த பிறகு அழுக்கு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கம்பத்தில் வாழ்ந்த பாட்டிக்குத் தான் ஊற்றிய கழுநீர் எங்கே போகிறது என்று தெரியும். பன்னிரண்டாவது மாடியில் வாழும் பேரனுக்குத் தெரியாது. திட்டத்தின் வெற்றியே நம்மை மறக்க வைத்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

இந்த மறதியை மாற்றத்தான் 2006இல் ‘ஏபிசி வாட்டர்ஸ்’ திட்டத்தைப் பொதுப் பயனீட்டுக் கழகம் தொடங்கியது. பிஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாய், 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாறியது. பாறையும் புல்லும் செடியும் கரையைத் தாங்குகின்றன. இன்று நீர்நாய்கள் வந்துபோகும் காலாங் ஆறு அது. மக்கள் தண்ணீரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதை மதிப்பார்கள் என்பது இதன் பின்னாலுள்ள எண்ணம்.

வீட்டிலும் தோட்டத்திலும்

இனி அந்த ‘நாமும்’ என்ற சொல்லுக்கு வருவோம். பொதுவான அறிவுரை வேண்டாம். காரணத்தோடு சில பழக்கங்களைப் பார்ப்போம்.

உரம். தொட்டிச் செடிக்கோ சமூகத் தோட்டத்துக்கோ உரம் போடுகிறோம். செடி எடுத்துக்கொண்டது போக மிச்சம் மழையில் கரைந்து வடிகாலுக்குப் போகிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீர்த்தேக்கத்தில் சேர்ந்தால் பாசி மளமளவென்று வளரும். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறையும், மீன் சாகும். ஆகவே மழை வரும் அறிகுறி இருந்தால் உரம் போடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் மக்க வைத்துப் போட்டால் சத்து மெதுவாக இறங்கும். அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றும் நம் வீட்டுப் பழக்கமும் நல்லதுதான், தொட்டித் தட்டில் தேங்காமல் பார்த்துக்கொண்டால். தேங்கினால் கொசு வந்துவிடும்.

மண். வெறும் மண்ணை விட்டுவைத்தால் மழை அதை அரித்து வடிகாலில் சேர்க்கும். மண்ணை இலைச்சருகாலோ படரும் செடியாலோ மூடுங்கள். தோட்டத்தைக் கூட்டிய குப்பையை வடிகாலில் தள்ளாதீர்கள். ‘இலைதானே’ என்று நினைப்போம். இலையும் அழுகி அதே வேலையைத்தான் செய்யும்.

மழைத்தோட்டம். ஏபிசி வாட்டர்ஸ் திட்டத்தில் வந்த அமைப்பு இது. இடமுள்ள பள்ளியிலோ தரைவீட்டிலோ தாழ்வான ஒரு பாத்தியில் மணலும் மண்ணும் அடுக்கிச் செடி வைப்பார்கள். ஓடிவரும் மழைநீர் அதில் நின்று வடிகட்டப்பட்டுப் பிறகுதான் வடிகாலுக்குப் போகும்.

எண்ணெய். தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயை எங்கே ஊற்றுகிறோம்? வடிகாலில் ஊற்றினால் நீர்த்தேக்கத்துக்குக் கேடு. தொட்டியில் ஊற்றினால் கழிவுநீர்க் குழாயில் உறைந்து அடைக்கும், அடைத்தால் கழிவுநீர் வெளியே பொங்கும். ஆறிய எண்ணெயைப் பழைய தாளில் ஊறவைத்துக் கட்டிக் குப்பையில் போடலாம். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரிக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் அங்கே கொடுப்பது இன்னும் நல்லது.

கழுவுநீர். தரை துடைத்த வாளி நீரைக் குளியலறையில் ஊற்றுங்கள், வெளி வடிகாலில் வேண்டாம். வாசலில் கார் கழுவும் சவர்க்கார நீரும், சாயத் தூரிகை கழுவிய நீரும் இதே கணக்கில்தான் வரும்.

வளர்ப்புப் பிராணிகள். பிள்ளைகள் ஆசையாக வாங்கிய ஆமையையும் மீனையும் பரிதாபப்பட்டு நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள். அது புண்ணியம் இல்லை. வெளியூர் உயிரினம் உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அல்லது தானே பட்டினியில் சாகும்.

பூசைப் பொருள்கள். காய்ந்த மாலையையும் பூவையும் குப்பையில் போட மனசு வராது. தண்ணீரில் விடுவது மரபு என்பார்கள் பெரியவர்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். “பாட்டி, இந்தக் கால்வாய்த் தண்ணியத்தான் நாம குடிக்கிறோம். பூவச் செடிக்கு எருவாப் போடலாமா?” என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பூ மண்ணுக்குப் போவதும் மரியாதைதான்.

முடிவாக

1977இல் அழுக்கின் பிறப்பிடங்களை எண்ண முடிந்தது. 610 பண்ணை, 5,000 அங்காடி, 800 தொங்கான் என்று கணக்கெடுத்து மாற்ற முடிந்தது. இன்று மிஞ்சியிருப்பவை எண்ணிக்கையில் அடங்காதவை: ஒரு பிடி உரம், ஒரு கரண்டி எண்ணெய், ஒரு வாளி சவர்க்கார நீர். இவற்றை இடம் மாற்ற எந்த அமைச்சாலும் முடியாது. வீட்டில் உள்ளவர்கள்தான் மாற்ற வேண்டும்.

அந்த மாணவியின் கேள்விக்கு விடை சொன்ன மறுவாரம் வகுப்பைக் கீழே அழைத்துப் போனேன். பள்ளி வடிகாலை ஒட்டி நடந்து, அது கால்வாயில் சேரும் இடம் வரை போனோம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம், அவ்வளவுதான். பதினைந்து நிமிட வேலை. அதன் பிறகு வந்த கட்டுரைகளில் ‘மரம் நடுவோம்’ குறைந்தது, ‘எங்கள் வடிகால்’ என்ற சொல் வந்தது. ஆசிரிய நண்பர்கள் உங்கள் பள்ளியிலும் செய்து பார்க்கலாம்.

வகுப்பறைக் கலந்துரையாடலுக்கு

1. சிங்கப்பூர் ஆறு அசுத்தமானதற்கு மக்களின் அறியாமையே காரணம் என்ற கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணங்களோடு விளக்குக.

2. ஆற்றுத் தூய்மைத் திட்டத்தால் நன்மை அடைந்தவர்கள், இழப்பைச் சந்தித்தவர்கள் ஆகிய இரு தரப்பையும் ஒப்பிட்டு எழுதுக.

3. 2008க்கு முன்னும் பின்னும் சிங்கப்பூர் ஆற்றின் பயன் எவ்வாறு மாறியது? அந்த மாற்றம் வீட்டில் வாழ்பவர்களின் பொறுப்பை எப்படிப் பாதிக்கிறது?

4. உங்கள் புளோக்கின் வடிகால் எந்தக் கால்வாயில், எந்த நீர்த்தேக்கத்தில் சேர்கிறது என்று கண்டுபிடித்து வழிப்படம் வரைக. வழியில் அழுக்குச் சேரக்கூடிய மூன்று இடங்களைக் குறித்துக் காட்டுக.

5. தாத்தா, பாட்டி அல்லது அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கம்ப வாழ்க்கையில் கழுநீரும் குப்பையும் எங்கே போயின என்று கேட்டு, அவர் பேசிய விதத்திலேயே பத்து வரிகள் எழுதுக.